முத்துக் கதையும் நம் பிள்ளைகளும்



"பிள்ளை ஆங்கிலக் கதைப் புத்தகம் படிக்கிறான். அதில் நமக்கு என்ன தெரியும்? வாத்தியார் பார்த்துக்கொள்வார்" என்று தோட்டப்புறப் பெற்றோர் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டியதே இல்லை. இன்று நாம் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

எடுத்துக்காட்டாக ஒரு நூலைப் பார்ப்போம். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் எழுதி 1947-இல் நூலாக வெளிவந்தது 'தி பேர்ல்'. தமிழில் 'முத்து' எனலாம். ஸ்டைன்பெக் 1902-இல் கலிபோர்னியாவில் பிறந்தவர்; 1962-இல் நோபல் பரிசு பெற்றவர். மெக்சிகோ நாட்டின் லா பாஸ் பட்டினத்துப் பக்கம் வழங்கிய கதை ஒன்றைக் கேட்டு இதை எழுதினார். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் சில காலம், நம் நாட்டு ஐந்தாம் படிவ மாணவர்கள் படித்த ஆங்கில நாவல்களுள் இதுவும் ஒன்று.

கதை இதுதான். கினோ ஓர் ஏழை. கடலில் முத்துக் குளிப்பவன். அவன் கைக்குழந்தையைத் தேள் கொட்டிவிடுகிறது. பணம் இல்லாததால் மருத்துவர் பார்க்க மறுக்கிறார். பிறகு கினோவுக்குப் பெரிய முத்து ஒன்று கிடைக்கிறது. உடனே அதே மருத்துவர் வீடு தேடி வருகிறார்! முத்து வாங்கும் தரகர்கள் தனித்தனியே விலை சொல்கிறார்கள்; ஆனால் எல்லாருக்கும் முதலாளி ஒருவரே. பெரும் விலை பெறும் முத்துக்கு 1000 பெசோ தருவதாகப் பேரம் தொடங்குகிறது. கினோவின் பெரிய ஆசை என்ன தெரியுமா? மகன் பள்ளிக்கூடம் போகவேண்டும். புத்தகத்தில் உள்ளதைத் தானே படித்து அறியவேண்டும். ஆனால் பேராசைக்காரர்கள் துரத்த, இறுதியில் அந்தக் குழந்தையே உயிர் இழக்கிறது. முத்தைக் கடலிலே எறிந்துவிடுகிறான் கினோ.

நேயர்களே, இந்தக் கதை நமக்கு அந்நியமா? பால் நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளையே பார்த்து நின்றவர்கள் நம் முன்னோர். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்தவர்களும் அவர்களே. கினோவின் மனம் நம் பிள்ளைக்கு எளிதில் விளங்கும். விளங்காமல் நிற்பது மொழி ஒன்றுதான்.

மொழியை எப்படிக் கடப்பது? மூன்று வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் போதும். "அப்புறம் என்ன ஆச்சு? அந்த டாக்டர் ஏன் வந்தார்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால், அந்தப் பக்கம் பிள்ளைக்குப் புரியவில்லை என்று பொருள். இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஆங்கிலம் தேவையில்லை.

இரண்டாவது, அந்தப் பக்கத்தை ஆங்கிலத்தில் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினால் கதை அறுந்துபோகும். கதை தெரிந்த பிள்ளை பல சொற்களின் பொருளை இடம் பார்த்தே ஊகித்துக்கொள்ளும். கதை நகராமல் தடுக்கும் சொற்களை மட்டும் குறித்துவைத்து ஆசிரியரிடம் கேட்கட்டும். இந்த நூலில் கினோவின் மனத்துக்குள் அடிக்கடி பாட்டு ஒலிக்கும். குடும்பத்தின் பாட்டு ஒன்று, தீமையின் பாட்டு ஒன்று. பிள்ளை குழம்பினால், தாலாட்டைக் கேட்டாலே வீட்டு நினைவு வருவதைச் சொல்லுங்கள். அது போதும்.

மூன்றாவது, படித்ததைச் சொந்தமாக மூன்று ஆங்கில வாக்கியங்களில் எழுதட்டும். பிழை இருந்தால் ஆசிரியர் திருத்துவார். குறிப்பு நூலில் உள்ள கதைச் சுருக்கத்தை மனப்பாடம் செய்தால் தேர்வில் சில மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் நாளை வேலைக்கான ஒப்பந்தம் ஒன்றை நீட்டினால், அதைப் படித்துப் புரிந்துகொள்ள அந்த மனப்பாடம் உதவாது. கினோ தன் மகனுக்கு வேண்டியது மதிப்பெண்ணை அல்ல. படித்து அறியும் ஆற்றலை.

பெற்றோர்களே, இன்றிரவே பிள்ளையின் கதைப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லுங்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். இத்தனை நாள் வாத்தியாருக்கு மட்டுமே ஒப்பித்த பிள்ளை, உங்களுக்குக் கதை சொல்லத் தொடங்கட்டும்.