மணி கிடந்த இடம்



மாத்தளையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வோர் நாலந்தாவையும் நாவுலையையும் கடந்து தம்புள்ளையை அடைவர். அவருட் பெரும்பாலார் குகை விகாரையைக் கண்டு, உடனே சீகிரியாவுக்கு விரைவர். அயலிலுள்ள இப்பன்கட்டுவையில் இறங்குவோர் சிலரே. அண்ணாந்து நோக்குவதற்கு அங்கு ஒன்றுமில்லை. நான்கு கற்பலகைகளை நிறுத்தி, மேலே மற்றொரு பலகையால் மூடிய ஈமப் பெட்டிகளே நிலத்தில் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றினுள்ளே சுட்டெரித்தோரின் சாம்பலைக் கொண்ட தாழிகள் இருந்தன. ஈமக்கடன் செய்யும் முறைகளுட் சுடுதலையும் தாழியிற் கவித்தலையும் மணிமேகலை தனித்தனியே எண்ணும். இங்கே இரண்டும் ஓரிடத்திற் கூடியிருக்கின்றன.

1970 ஆம் ஆண்டில் இனங்காணப்பட்ட இவ்விடுகாடு 1980களில் முறையாக அகழப்பட்டது. காலம் கி.மு. 700க்கும் 450க்கும் இடைப்பட்டதெனக் கரிப் பரிசோதனையாற் கணித்தனர். 1988 இல், களனிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தொல்லியற் பட்டப்பின் நிறுவனம், பேராசிரியர் சேனக்க பண்டாரநாயக்கவின் தலைமையில், சுவீடன் நாட்டறிஞரோடு கூடிச் சீகிரியா–தம்புள்ளைப் பகுதியின் பண்டைக் குடியிருப்புக்களை ஆராயத் தொடங்கிற்று. இளம் பட்டதாரிகள் பலருக்கு அக்காடுகளும் குளக்கரைகளுமே வகுப்பறைகளாயின.

பின்னாளில் அந்தப் பிரதேசத்திலே நிகழ்ந்த ஒரு களப்பயிற்சிக்கு மாணவனாக யானும் சென்றிருந்தேன். தோண்டுதல் என்றதும் மண்வெட்டியை நினைத்தேன். தந்ததோ மேசன்மார் பூசும் சிறு கரண்டியும் ஒரு தூரிகையும்! நூல்கட்டிய சதுரத்துள் முழந்தாளிட்டு, விரற்கடையளவு மண்ணைச் சுரண்டுவதும், அதனை அரிதட்டில் அரிப்பதும், மண்ணின் நிறம் மாறுமிடத்தைக் குறிப்பதுமே வேலை. மூன்று நாளில் நான் கண்டவை ஓட்டுத் துண்டுகள் மட்டுமே.

நான்காம் நாள் மண்ணிலே செம்மணியொன்று மின்னியது. சூதுபவளம்! மகிழ்ச்சி மிகுதியால் எடுத்து உள்ளங்கையிற் துடைத்து, எல்லோருக்கும் காட்டினேன். எங்களோடு வேலை செய்த அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் மணியை நோக்கவில்லை, குழியையே நோக்கினார். “மல்லி, எங்கே கிடந்தது?” என்றார். என்னாற் சொல்ல முடியவில்லை. ஆசிரியர் கடிந்துகொள்ளவுமில்லை. பதிவேட்டில் ‘இடம் அறியப்படாதது’ என்று எழுதச் செய்தார். என் கையாலேயே எழுதினேன்.

அச்சொற்களின் பாரத்தைப் பின்னரே உணர்ந்தேன். சூதுபவளம் நம் தீவில் விளைவதன்று. கடல் கடந்து வந்த சரக்கு. அம்மணி கல்லறைக்குரிய மண்ணடுக்கிற் கிடந்திருப்பின், ஈராயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வுள்நாடு வரை வாணிகம் எட்டியதற்கு அதுவும் ஒரு சாட்சியாகும். மேலடுக்கிற் கிடந்திருப்பின், பிற்காலத்து வழிப்போக்கர் எவரோ தவறவிட்டதாகலாம். இரவிலே புதையல் தேடி விகாரைகளைத் தோண்டுவோரை நாம் ஏசுகின்றோம். அன்று நான் செய்ததும், பகலிற் செய்த அதே காரியந்தான்.

ஒருநாள் பாடசாலைச் சிறுவர் குழியைப் பார்க்க வந்தனர். “இவர்கள் தமிழரா, சிங்களவரா?” என்று ஒருவன் வினவினான். பெரியோரும் இதனையே கேட்பர். சற்றுச் சுற்றிக் கேட்பர், அவ்வளவே. இத்தகைய ஈமச் சின்னங்கள் புத்தளத்துப் பொம்பரிப்பிலும், யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையிலும், தமிழகத்து ஆதிச்சநல்லூரிலும் உண்டு. ஆகவே உறவு உண்டென்பது திண்ணம். ஆனால் எழுத்தில்லாத சாம்பல் தன் மொழியை உரைப்பதில்லை. அவர்கள் பானை வனைந்தனர், இரும்பை ஆண்டனர், தம் இறந்தோரை அன்போடு அடக்கினர். இவ்வளவையே அச்சிறுவனுக்குச் சொல்ல முடிந்தது. அவனுக்கு அது போதவில்லை என்பது முகத்திற் தெரிந்தது.

இறுதி நாளன்று, அளந்து வரைந்து முடித்த குழியை மூடினோம். அரித்த மண்ணையே கூடை கூடையாகத் திரும்பக் கொட்டினோம். பெரியவர் அதை மிதித்துச் சமப்படுத்தினார். பின்பு, அடுத்த ஆண்டு வருவோர் அறியும்படி, மூலையில் நட்டிருந்த முளையை மாத்திரம் பிடுங்காது விட்டார்.