டிபி மாத்திரை முடித்தும் இருமலா? பூஞ்சையையும் பரிசோதியுங்கள்



இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை, காசநோய் உறுதியானால் பொதுவாக 6 மாத மாத்திரை, இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். இன்னைக்கு அதோடு சேர்ந்து வரக்கூடிய நுரையீரல் பூஞ்சைத் தொற்று பற்றிப் பேசலாம்.

"வலை இழுக்கிற உடம்பு, சர்க்கரைகூட கிடையாது. எனக்கு எப்படி பூஞ்சை வரும்?" என்று கேட்பீங்க. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் நுண்துகள்கள் எல்லா ஊர்க் காற்றிலும் இருக்கு. நல்ல நுரையீரல் அதை வெளியேற்றிவிடும். ஆனால் டிபி கிருமி நுரையீரலில் குழி ஏற்படுத்தியிருந்தால், அதில் பூஞ்சை தங்கி வளரலாம். எதிர்ப்பு சக்தி நன்றாக உள்ளவர்களுக்கும் வரும். சிலருக்கு டிபி இருக்கும்போதே, சிலருக்கு குணமாகிப் பல வருஷம் கழித்து.

சிக்கல் என்னன்னா, ரெண்டுக்கும் அறிகுறி ஒண்ணுதான்: இருமல், சளியில் ரத்தம், எடை குறைவு, களைப்பு. "பழைய டிபி திரும்பிடுச்சு"ன்னு மீதி மாத்திரையை நீங்களாகவே சாப்பிடாதீங்க. டிபி மாத்திரை பூஞ்சையைக் கொல்லாது. அதோட, ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்து, பூஞ்சைக்குத் தரும் இட்ராகோனசோலின் பலனைக் குறைத்துவிடும். அதனால் என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க. டிபி மாத்திரையை நடுவில் நிறுத்தவும் வேண்டாம்.

சளியில் டிபி இல்லைன்னு வந்தும் இருமல் நிற்கலையா? "பூஞ்சையா இருக்குமா டாக்டர்?" என்று கேளுங்க. சி.டி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சளிப் பரிசோதனை மூலம் கண்டுபிடிக்கலாம். பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டுகளை போனில் போட்டோ எடுத்து வையுங்க. இருமும்போது ரத்தம் அதிகமாக வந்தால் உடனே 108.

இந்தப் பூஞ்சை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. யாரையும் ஒதுக்க வேண்டாம்.

பாடு முறையில் உங்க முறை வர்ற நாளை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போக மனசு வராதுதான். ஆனா தள்ளிப்போட்டால் நுரையீரல் மேலும் சேதமாகும். அப்புறம் படகு ஏறுவதே கஷ்டம். டிபி சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக நிக்ஷய் போஷன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன் இது 500 ரூபாய். பதிவு செய்யும்போது வங்கிக் கணக்கு விவரத்தைக் கொடுங்க.

சந்தேகம் இருந்தால் 104 எண்ணுக்கோ, காசநோய் உதவி எண் 1800-11-6666-க்கோ இன்னைக்கே பேசுங்க.