இளம் பெண்களும் இதய நோயும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வி வளர்க்கும் சங்கத்தின் மேடையில் கொழுப்பைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் படிக்க வைத்த பெண்கள் முப்பது வயதிலேயே மருத்துவமனை வாயிலில் நிற்கக் காண்பதால் பேச நேர்ந்தது.

நம் முன்னோர் பசியை அறிந்தவர்கள். கூலியை நெல்லாய் அளந்த காலத்தில், பொழுது சாயும்வரை நடவு நட்ட தாயின் உடலில் சதை பிடிக்க வழியில்லை. ஆகவே மகள் சற்றுப் பருத்தால், 'பூசினாற்போல் இருக்கிறாள்' என்று நம் தாய்மார்கள் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியை நாம் இகழோம். அதன் பின்னே பல தலைமுறைப் பட்டினி இருக்கிறது. ஆனால், மகள் இன்று வயலில் இல்லை. நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிகிறாள். உணவோ பெரும்பாலும் சோறும் எண்ணெயில் பொரித்த பண்டமுமே. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2015-16இல் தமிழகப் பெண்களுள் நூற்றுக்கு 31 பேர் மிகை எடையினர். 2019-21இல் 40 பேர்.

கொலஸ்டிரால் நஞ்சன்று, உடலுக்கு வேண்டிய அதனைக் கல்லீரலே உண்டாக்குகிறது. எல்.டி.எல். என்னும் வகை மிகுந்தால் இதயக் குழாய்ச் சுவரில் படிகிறது. எச்.டி.எல். என்பது அக்கொழுப்பைத் திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டு செல்வது. வயிறு பெருத்தவர்களிடம் இது பெரும்பாலும் குறைந்திருக்கும். படிவு முதுமையில்தான் தொடங்கும் என்பது பிழை. கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை ஆராய்ந்து 1953இல் முடிவு வெளியிட்டனர். சராசரி வயது 22; நூற்றுக்கு 77 பேரிடம் குழாய் நோயின் அடையாளம் இருந்தது! அவர்கள் ஆண்கள் என்பீர்கள். பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கும்வரை இயற்கை ஓரளவு காப்பளிப்பது மெய்யே. நீரிழிவு வந்தால் அக்காப்புப் பெரிதும் போய்விடுகிறது. பேறுகாலத்தில் சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ கண்டவர்கள், பிள்ளை பிறந்ததும் தீர்ந்தது என்று இருந்துவிடலாகாது.

மேலும், பெண்ணுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியோடு மட்டும் வருவதில்லை. மூச்சுத் திணறல், குமட்டல், தாடையிலும் முதுகிலும் வலி, காரணமற்ற களைப்பு எனவும் வரும். 'வாயுப் பிடிப்பு' என்று சுக்குநீர் கொடுத்துப் பொழுதைப் போக்குகிறோம்.

தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால், கை கால் மெலிந்தவராயினும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டினி கிடந்து இளைக்க வேண்டா. சோற்றைச் சிறிது குறைத்துப் பயறும் கீரையும் கூட்டினாலே நலம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் பெண்களின் விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்ட தலைமையாசிரியருள் நாமும் ஒருவர். வீட்டிலோ, பருவமெய்திய அன்றே அவளது ஆட்டம் நின்றுவிடுகிறது. எனவே, ஞாயிறு மாலைகளில் சங்கத்து மைதானத்தைப் பெண்களுக்கென்றே ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவை வேண்டுகிறோம். திருமணமானவர்களும் வரட்டும். பந்துகளை நாமே வாங்கித் தருகிறோம்.