‘ஸ்கான் நோர்மல்’ என்றால் நோய் இல்லையா?

(நூற்றாண்டு விழாவையொட்டி, பழைய மாணவியரான மருத்துவத்துறையினர் சார்பில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவிலே வயிற்றுக்குத்தைப் பற்றியா பேசப்போகிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்த பிள்ளைகளை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஒரு பனடோலும் இஞ்சித் தேத்தண்ணீரும் கொடுத்து, “பெண்பிள்ளை என்றால் உள்ளதுதானே” என்று தேற்றுவார்கள். வீட்டிலே உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் தருவார்கள். அன்பிலே ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுள் சிலருக்கு இருந்தது ஒரு நோய்.

எங்களோடு படித்த ஒருத்தியின் கதையை அவளுடைய சம்மதத்தோடு சொல்கிறோம். மாதவிடாய் வரும் நாட்களில் மலங்கழிக்கப் போனால் கத்தியால் குத்துவதுபோல வலிக்கும். பதினொரு வருடத்தில் மூன்று தடவை வயிற்றை ஸ்கான் பண்ணினார்கள். குடலுக்குள் குழாய் விட்டும் பார்த்தார்கள். எல்லாம் நோர்மல். கடைசியில் “மனக்கவலை” என்றார்கள். கலியாணமாகிப் பிள்ளை இல்லையென்று போனபோதுதான், மலக்குடலின் சுவரிலே நோய் வளர்ந்திருந்தது தெரியவந்தது.

அந்த நோயின் பெயர் என்டோமெற்றியோசிஸ். கருப்பையின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் அகவணியை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, அதாவது உலகத்தில் சுமார் 19 கோடிப் பேருக்கு, இது உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு இது குடலையும் பிடிக்கும். பெரும்பாலும் மலக்குடலிலும் அதற்கு மேலேயுள்ள வளைவிலும்தான்.

அப்படியென்றால் அத்தனை பரிசோதனையிலும் ஏன் தெரியவில்லை? ஒவ்வொன்றும் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று பார்ப்போம்.

முதலாவது, வயிற்றின் மேலே வைத்துப் பார்க்கும் சாதாரண ஸ்கான். சூலகத்திலே இரத்தக் கட்டி இருந்தால் இது காட்டும். மலக்குடலோ இடுப்பெலும்புக் கூட்டின் அடியிலே, கருப்பைக்குப் பின்னால் கிடக்கிறது. அந்த ஆழத்திலுள்ள சின்னத் தடிப்பு இதிலே தெரிவது அரிது.

இரண்டாவது, குடலுக்குள் கமராக் குழாய் விடும் கொலோனொஸ்கோப்பி. இது குடலின் உட்தோலைப் பார்ப்பது. எங்கள் நோயோ வெளிப்புறத்திலிருந்து தசைப்படைக்குள் இறங்குவது. உட்தோலை எட்டுவது குறைவு. ஆகவே உள்ளே பார்த்தால் சுத்தமாகவே இருக்கும். புற்றுநோய் போன்ற வேறு வருத்தங்கள் இல்லையென்று அறிய இது தேவை. இந்த நோய் இல்லையென்று சொல்ல இது போதாது.

மூன்றாவது, யோனிவழி ஸ்கான். கருவி மலக்குடலுக்கு மிகக் கிட்டப் போவதால் குடற்சுவரின் படைகள் தனித்தனியே தெரியும். மெல்ல அழுத்தி, கருப்பைக்குப் பின்னால் குடல் வழுக்கி அசைகிறதா, ஒட்டிப்போய் நிற்கிறதா என்றும் பார்க்கலாம். செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லை. ஆனால் இதைத் தேடிப் பார்க்கப் பழகிய கை வேண்டும்.

நான்காவது, எம்.ஆர்.ஐ. இதிலும் கதிர்வீச்சு இல்லை. முழு இடுப்பையும் ஒரே பார்வையில் காட்டும். மேலேயுள்ள குடற்பகுதி, சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் ஆகியவற்றையும் நோய் பிடித்திருக்கிறதா என்று சத்திரசிகிச்சைக்கு முன் அறிய உதவும். ஆனால் செலவு கூட. படத்தை வாசிப்பவருக்கும் இந்த நோயிலே பழக்கம் வேண்டும்.

இரண்டில் எது திறம்? 2016 இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, மலக்குடலிலும் அதற்கு மேலுள்ள வளைவிலும் நோயுள்ள நூறு பேரில் யோனிவழி ஸ்கான் ஏறத்தாழ 90 பேரையும், எம்.ஆர்.ஐ. ஏறத்தாழ 92 பேரையும் கண்டுபிடிக்கிறது. பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே பழகிய கை கிடைக்குமிடத்தில் முதலில் ஸ்கான், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. என்பதே பொருத்தம். இரண்டுமே சிலரைத் தவறவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. முன்பெல்லாம் வயிற்றில் துளையிட்டுப் பார்க்கும் லப்பரொஸ்கோப்பியே முடிந்த முடிவு என்றிருந்தோம். 2022 இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டல் அதை எல்லோருக்கும் கேட்கவில்லை. படத்தில் ஒன்றும் தெரியாதவர்களுக்கும், மருந்துக்குக் குணமாகாதவர்களுக்கும் அதை வைத்துக்கொள்ளலாம் என்கிறது.

இனி எங்கள் ஊரில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. கலியாணமாகாத பிள்ளைக்கு யோனிவழி ஸ்கான் எப்படி? உடலுறவு அனுபவமில்லாத பிள்ளைக்கு அதைச் செய்ய வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ. இருக்கிறது. பிள்ளை விளங்கிச் சம்மதித்தால் மலவாசல்வழி ஸ்கானும் உண்டு. கூச்சத்துக்காகப் பரிசோதனையையே விட்டுவிடத் தேவையில்லை. பெண் வைத்தியர் வேண்டுமென்று கேளுங்கள், தாயையோ தாதியையோ பக்கத்தில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1847 இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். 1898 இல் இணுவிலிலே பெண்களுக்கென்று மக்லியொட் ஆஸ்பத்திரி எழுந்தது. அங்கே பெண் வைத்தியர்கள் பணிசெய்தார்கள். எங்கள் பாட்டிமாருக்குக் கிடைத்த அந்த வசதியை, எங்கள் பிள்ளைகள் கூச்சத்தினால் இழக்க வேண்டாம்.

வைத்தியரிடம் போகுமுன் மூன்று மாதத்துக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள். மாதவிடாய் வந்த திகதி, வலி வந்த நாள், மலம் போகும்போது வலித்ததா, மலத்தில் இரத்தம் கண்டதா, பள்ளிக்கூடமோ வேலையோ தவறியதா என்று. பிறகு, “குடலில் என்டோமெற்றியோசிஸ் இருக்கலாமோ? ஸ்கான் பண்ணுபவருக்கு அதைத் துண்டில் எழுதிவிடுங்கள்” என்று கேளுங்கள். எதைத் தேடவேண்டுமென்று தெரிந்தால்தான் பார்ப்பவர் அந்த இடத்தைத் தேடிப் பார்ப்பார்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் சகோதரிகளே, அங்கே வசதி உண்டு. ஆனால் அங்கும் மகள்மார் சொல்லாவிட்டால் ஒருவரும் தேடமாட்டார்கள். “உள்ளதுதானே” என்ற சொல்லை நீங்கள் கப்பலேற்றிக் கொண்டுபோயிருந்தால், தயவுசெய்து அதை அங்கேயே கைவிடுங்கள்.

எங்கள் தோழிக்குச் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. இப்போது வலியில்லாமல் மலங்கழிக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் அழுதாள். கேட்ட நாங்களும் அழுதோம். நூறு வருடமாகப் பிள்ளைகளைப் பேசப் பழக்கிய கல்லூரி இது. அடுத்த முறை ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றால், எத்தனை மாதமாக இப்படி என்று கேட்போம்.