தலைசுற்றலும் செவியும் கண்ணும்

'தலை சுற்றுகிறது' என்போம் நாம். ஐதராபாத்தில் நம் தெலுங்கு அண்டைவீட்டார் 'கண்கள் சுழல்கின்றன' என்று பொருள்படச் சொல்லுவர். இரண்டு வழக்கும் பொருந்துவனவே. ஆயினும் நோயின் வேர் பல வேளைகளில் செவிக்குள் இருக்கிறது.

ஒவ்வோர் உட்செவியிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை வலப்புறம் திரும்பினால், அவற்றிலுள்ள நீர்மம் அதனை மூளைக்கு உணர்த்துகிறது. கண்கள் நம்மைக் கேளாமலே அதே அளவு இடப்புறம் நகர்கின்றன. அதனாலன்றோ ஆபிட்ஸ் வீதியில் நடந்துகொண்டே கடைப் பலகைகளைப் படிக்கிறோம்!

ஒரு செவி திடீரெனப் பழுதுற்றால் இவ்விசைவு குலைகிறது. கண்கள் மெல்ல ஒருபுறம் விலகி, வெடுக்கென மீளும். உலகமே சுழல்வதாகத் தோன்றும். செவியில் குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் செலுத்தி இத்துடிப்பை எழுப்பிச் சோதிக்கும் முறையை வகுத்தவர் வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரானி. 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருடையது.

ஆகவே, பித்தமென்று எண்ணி எலுமிச்சைச் சாற்றோடு காலங்கடத்தலாகாது. கோட்டியிலுள்ள அரசினர் காது மூக்குத் தொண்டை மருத்துவமனை போன்ற இடங்களை நாடுவோம். அங்கே மருத்துவர் நம் கண்களை உற்றுநோக்கினால் வியக்கவேண்டா. பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று உடன்வரினும் அது மூளையின் நோயாகலாம். அவ்வேளையில், ஊரிலிருந்து உறவினர் வரட்டும் என்று காத்திராமல், அண்டைவீட்டாரை அழைத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் புறப்படுவோம்.