நோன்பு முடிந்த பின்னர்

(ஊரக நலப் பணியாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கார்த்திகை பிறந்ததும் நம் சிற்றூர்களில் ஒரு மாறுதலைக் காண்கிறோம். ஆண்டு முழுவதும் மதுவுக்கு அடிமைப்பட்டுக் கிடந்தவரும் சபரிமலைக்கு மாலை அணிந்து, 41 நாட்கள் அதனைத் தீண்டாமல் இருக்கிறார். கூலிப் பணம் குறையாமல் வீடு வந்து சேர்கிறது. குழந்தைகள் அச்சமின்றி உறங்குகின்றனர். ஆனால், மாலையைக் கழற்றிய பின்னர்ப் பலர் பழைய வழிக்கே திரும்பிவிடுகின்றனர். ஆலயத்தில் காப்புக் கட்டிக்கொள்வோரிடமும், தவக்காலத்தில் மதுவை விலக்குவோரிடமும் இந்நிலை உண்டு.

இதனால் இறைநம்பிக்கை பயனற்றது என்று கூறலாமா? கூடாது. 41 நாட்கள் காத்த ஆற்றல் 42ஆம் நாளில் ஏன் துணை நிற்கவில்லை என்பதே நாம் ஆராய வேண்டுவது.

அமெரிக்க நாட்டின் வரலாறு ஒன்று இதற்கு விடை தருகிறது. நியூயார்க் நகரில் பங்குத் தொழில் செய்துவந்த பில் வில்சன் என்பார், 1934 டிசம்பரில் மருத்துவமனையில் இருந்தபோது ஆழ்ந்த இறையனுபவம் பெற்றுக் குடியை விட்டார். ஐந்து திங்கள் கழிந்து, ஆக்ரன் நகரில் தொழில் முயற்சி தோல்வியுற்றுத் தனித்து நின்ற வேளையில், மதுவின் ஈர்ப்பு மீண்டும் எழுந்தது. தம்மைப் போன்று துன்புறும் ஒருவரோடு பேசினாலன்றித் தமக்கு உய்வில்லை என அவர் உணர்ந்தார். அவ்வாறு தேடிக் கண்டவரே மருத்துவர் பாப் ஸ்மித். 1935இல் அவ்விருவரின் நட்பிலிருந்து தோன்றியதே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் தோழமை அமைப்பு.

1939இல் அவ்வமைப்பு வெளியிட்ட பன்னிரு படிகள் எந்த ஒரு சமயத்தையும் வற்புறுத்துவன அல்ல. தன் இயலாமையை ஒப்புதல், தான் உணர்ந்தவாறு இறைவனைச் சார்தல், தன் குறைகளை ஆராய்தல், தன்னால் துன்புற்றோர்க்கு ஈடுசெய்தல், பிறர்க்கு உதவுதல் ஆகியன அவற்றின் சாரம். 'இன்று ஒரு நாள் குடியேன்' என்பதே அவர்தம் அன்றாட நோன்பு. 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று, மதுவை முற்றிலும் விலக்கி வாழ இம்முறை நன்கு துணைபுரிகிறது என 2020இல் தெரிவித்தது. நம் மாநிலத்திலும் இத்தோழமைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறக் கடமைப்பட்டுள்ளோம். பல்லாண்டுகள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, சித்தக் கலக்கம் ஆகியன தோன்றக்கூடும்; சில வேளைகளில் உயிருக்கே ஊறு நேரும். ஆதலின், மாலை அணியுமுன் மருத்துவரைக் காண்பது இன்றியமையாதது. மருந்து உண்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது. வழி அறியாதோர் 14446 என்னும் போதை மீட்பு உதவி எண்ணை அழைக்கலாம்.

நண்பர்களே! மாலை கழற்றும் நாளை முடிவாகக் கொள்ளாது, தொடக்கமாகக் கொள்வோம். கோயில் மண்டபமோ, பள்ளித் திண்ணையோ, ஓரிடத்தில் வாரந்தோறும் இவர்கள் கூடட்டும். குடியை விட்டுச் சில ஆண்டுகள் கடந்தவர், நேற்று விட்டவரின் அருகில் அமரட்டும். வழிபாட்டில் பற்றில்லாதவர்க்கும் அங்கு இடம் இருக்கட்டும். தவறி வீழ்ந்தவரை ஏளனம் செய்யாமல், மறுநாளே அழைத்து வருவோம். இறையருள் மனிதனின் மனத்தைத் திறக்கிறது. திறந்த மனம் மீண்டும் மூடிக்கொள்ளாமல் காப்பது ஊராராகிய நம் கடமையாகும்.