முந்திரிக்கு வெயில் வேணும்

அரியலூர் மாவட்டத்தில் செந்துறை, ஆண்டிமடம் பக்கம் சில முந்திரிக் கொல்லைகளில் கிளையோடு கிளை பின்னி, நடுப்பகலிலும் நிழல் கட்டியிருக்கும். மரம் தழைத்திருக்கு, காய்ப்பு இல்லையே என்பார்கள். முந்திரி, வெயில் படுகிற புதுத்துளிரின் நுனியில்தான் பூக்கும். நிழலில் கிடக்கும் உள்கிளை காய்க்காது.

7 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்குச் சுமார் 200 மரம். 5-க்கு 4 மீட்டர் அடர் நடவில் 500 மரம். அடர் நடவுக்குக் கவாத்து கட்டாயம். அறுவடை முடிந்து ஜூலை, ஆகஸ்டில் உரசுகிற கிளை, காய்ந்த கிளை, தரை தொடும் கிளைகளை ரம்பத்தால் அறுத்து, வெட்டுவாயில் போர்டோ பசை பூசுங்கள்.

காய்க்கிற மரத்தை வெட்டலாமா என்று தயங்காதீங்க. மிஞ்சுகிற கிளைக்கு வெயில் கிடைக்கும். மகசூல் அங்கேதான் இருக்கு.